பிரிக்பீல்ட்ஸ்: ஓர் இரயில்வே ஊரும் அதன் பெயரும்



ஸ்ரீ கெம்பாங்கானில் வாழும் நாம் இரயில் ஏற வேண்டுமானால் செர்டாங் நிலையத்திற்குச் செல்கின்றோம். ஊரின் பெயர் ஒன்றாகவும் நிலையத்தின் பெயர் வேறாகவும் இருப்பது ஏன் என்று ஐந்தாம் ஆண்டு மாணவர் சிலர் வகுப்பில் வினவினர். நல்ல வினா. அதற்குரிய விடையை இரண்டு வரிகளில் கூறி முடித்துவிடலாம். ஆயினும் அவ்வினாவின் வழியே சற்றுத் தொலைவு நடந்து பார்ப்போமானால், இந்நாட்டில் இரயில் பாதை எவ்வாறு ஊர்களை உண்டாக்கிற்று, அவ்வூர்களுக்குப் பெயரிட்டவர் யார், உழைத்தவர் யார் என்னும் செய்திகளெல்லாம் நமக்குக் கிட்டும். அதன்பொருட்டே இக்கட்டுரையை எழுத முற்பட்டோம்.

முதலில் விடை. செர்டாங் என்பது விசிறி போன்ற ஓலைகளையுடைய ஒருவகைப் பனையின் மலாய்ப் பெயர். அப்பெயரே இவ்வட்டாரத்திற்கு வழங்கி வந்தது. 1931ஆம் ஆண்டில் தொடங்கிய வேளாண்மைப் பள்ளி, இன்று புத்ரா மலேசியாப் பல்கலைக்கழகமாக விளங்குவது, செர்டாங்கில்தான் அமைந்தது. அவசரகாலத்தின்போது, 1950களின் தொடக்கத்தில், சிதறி வாழ்ந்த குடும்பங்களை அரசாங்கம் ஒருங்கே குடியேற்றி வேலியிட்டுக் காத்த புதுக்கிராமங்களுள் ஒன்று செர்டாங் பாரு. அதுவே பின்னாளில் ஸ்ரீ கெம்பாங்கான் எனப் பெயர் பெற்றது. 'கெம்பாங்' என்னும் மலாய்ச் சொல்லுக்கு மலர்தல், விரிதல் என்று பொருள். ஊர் தன் பெயரை மாற்றிக்கொண்டது; இரயில் நிலையம் மாற்றிக்கொள்ளவில்லை. 2023ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் நம் ஊர் வழியே எம்.ஆர்.டி. இரயில் ஓடத் தொடங்கியபோதும் செர்டாங் ராயா, செர்டாங் ஜெயா என்றே நிலையங்களுக்குப் பெயர் சூட்டினர்.

இனி, பெயரும் இரயிலும் பின்னிக் கிடக்கும் வேறோர் ஊரைக் காண்போம். தீபாவளிக்குத் துணி எடுக்கவும், மாலை கட்ட மல்லிகை வாங்கவும் நாம் செல்லும் பிரிக்பீல்ட்ஸ் அது. அங்குச் செல்லாத தமிழ்க் குடும்பம் இவ்வட்டாரத்தில் அரிது. ஆனால் அப்பெயருக்கு என்ன பொருள் என்று கேட்டால் பெரியவர்களுள்ளும் பலர் விழிப்பர். ஆங்கிலத்தில் 'பிரிக்' என்றால் செங்கல்; 'பீல்ட்' என்றால் வயல் அல்லது வெளி. செங்கல் அறுக்கும் வெளி என்பதே அதன் பொருள். நம் மொழியில் ஒரே சொல்லில் கூறுவதானால் சூளை. சென்னையில் சென்ட்ரல் இரயில் நிலையத்திற்கு அணித்தாகச் சூளை என்றே ஒரு பகுதி உள்ளது. அதுவும் செங்கற்சூளைகளால் பெற்ற பெயரே. கடல் கடந்து வந்த நம்மவருள் சிலர் ஒரு சூளையைவிட்டு மற்றொரு சூளைக்கே வந்து சேர்ந்திருக்கலாம்!

கோலாலம்பூர் என்றால் சேற்றுக் கழிமுகம் என்று பாடநூலில் படித்திருக்கின்றீர்கள். கோம்பாக் ஆறும் கிள்ளான் ஆறும் கூடும் சேற்று நிலத்தில், ஈயம் தோண்ட வந்தவர்களால் எழுந்த ஊர் அது. தொடக்கத்தில் அங்கிருந்த வீடுகள் மரப்பலகையாலும் அத்தாப்பு ஓலையாலும் ஆனவை. 1881ஆம் ஆண்டு சனவரித் திங்களில் ஒரு பெருந்தீ மூண்டு ஊரையே எரித்தது. அவ்வாண்டின் இறுதியில் பெருவெள்ளம் வந்து, மீண்டும் கட்டியவற்றை அடித்துச் சென்றது. ஓர் ஆண்டிற்குள் நெருப்பாலும் நீராலும் அழிந்த ஊர் என்று கோலாலம்பூரைச் சொல்லலாம்.

1882ஆம் ஆண்டில் சிலாங்கூரின் ரெசிடெண்டாகப் பொறுப்பேற்ற பிராங்க் சுவெட்டன்ஹாம், இனி வீடுகளைச் செங்கல்லாலும் ஓட்டாலுமே கட்ட வேண்டும் என 1884ஆம் ஆண்டில் வற்புறுத்தினார். ஒரு நகரம் முழுவதற்கும் செங்கல் வேண்டுமானால் எங்கே போவது? ஊருக்குத் தெற்கே, கிள்ளான் ஆற்றையொட்டிச் சமதளமாகக் கிடந்த நிலத்தில் நல்ல களிமண் இருந்தது. அங்கே சூளைகள் எழுந்தன. சீனர் தலைவர்களான கப்பித்தான் யாப் ஆ லோய், அவருக்குப் பின்வந்த கப்பித்தான் யாப் குவான் செங் ஆகியோரின் பெயர்கள் அச்செங்கல் தொழிலோடு சேர்த்துக் கூறப்படுகின்றன.

செங்கல் செய்யும் முறையை இன்றைய பிள்ளைகள் கண்டிருக்க மாட்டீர்கள். களிமண்ணை வெட்டி, நீர்விட்டு மிதித்துப் பதப்படுத்துவர். மரச்சட்டத்துள் அடைத்து அறுத்து நிழலிலும் வெயிலிலும் உலர்த்துவர். பின்னர் வரிசையாய் அடுக்கி இடையிடையே விறகு வைத்துப் பல நாள் எரியவிடுவர். உலராத கல்லைச் சூளையில் வைத்தால் வெடித்துவிடும். மழை மிகுந்த இந்நாட்டில் உலர்த்துவதற்கு எத்துணைப் பாடுபட்டிருப்பர் என்பதை எண்ணிப் பாருங்கள். கோலாலம்பூரின் சேறுதான் கோலாலம்பூரின் சுவர்களாயிற்று.

இதே காலத்தில் இரயில் பாதையும் வந்தது. மலாயாவின் முதல் இரயில் பாதை தைப்பிங்கிற்கும் வெல்டு துறைமுகத்திற்கும் இடையே 1885ஆம் ஆண்டு சூன் முதல் நாள் திறக்கப்பெற்றது. நீளம் எட்டு மைல்தான். அதைப் போடுவதற்கு இலங்கையிலிருந்து பயனியர் படையினர் கொணரப்பட்டனர். அடுத்த ஆண்டு, 1886 செப்டம்பரில், கோலாலம்பூருக்கும் கிள்ளான் ஆற்றங்கரையிலுள்ள புக்கிட் கூடாவுக்கும் இடையே பத்தொன்பதரை மைல் பாதை திறக்கப்பெற்றது. புக்கிட் கூடா என்றால் குதிரைக் குன்று. அதற்கு முன்பு ஈயத்தைக் கட்டை வண்டியிலும் படகிலும் ஏற்றிக் கடலுக்குக் கொண்டு செல்வர். அரிசியும் அவ்வழியே வரும். மழைக்காலத்தில் சாலை சேறாகிவிட்டால் வண்டி நகராது. இரயில் வந்தபின் அத்தொல்லை நீங்கிற்று. சுல்தான் அப்துல் சமாட் அவர்கள் முதன்முறை இரயிலில் சென்றபின், தாம் ஏறிய மாட்டு வண்டிகளுள் இதுவே மிகச் சிறந்தது என்று நகைச்சுவையாகக் கூறினார் என்பர். 1890இல் ஆற்றின்மேல் பாலம் அமைத்துக் கிள்ளான் நகர்வரையிலும், 1899இல் கடற்கரைவரையிலும் பாதை நீட்டப்பெற்றது.

கோலாலம்பூரிலிருந்து கிள்ளானை நோக்கிப் புறப்படும் வண்டி எவ்வழியே சென்றது? சூளைகள் இருந்த அந்தச் சமவெளியின் ஓரமாகத்தான். இரயிலுக்குச் சமமான நிலம் வேண்டும்; பெட்டிகளைப் பிரிக்கவும் கோக்கவும் பல கிளைத் தண்டவாளங்கள் வேண்டும்; இயந்திரங்களை நிறுத்தக் கொட்டகை வேண்டும்; இவற்றையெல்லாம் பார்ப்பவர்கள் அழைத்தவுடன் வந்து சேரும் தொலைவில் குடியிருக்க வேண்டும். இவையனைத்திற்கும் பிரிக்பீல்ட்ஸ் ஏற்றதாயிற்று. செந்தூலில் பெரும் பட்டறையும் பிரிக்பீல்ட்ஸில் யார்டும் குடியிருப்பும் என அமைந்தன. களிமண் தீரத் தீரச் சூளைகள் மறைந்தன, தண்டவாளங்கள் பெருகின. ஆனால் பெயர் மட்டும் செங்கல்லின் பெயராகவே நின்றுவிட்டது. சூளை இருந்த காலம் சிறிது. இரயில்வே இருந்த காலம் நூறாண்டுக்கும் மேல். இருப்பினும் 'இரயில்வே ஊர்' என்று அதை எவரும் பெயரிடவில்லை.

அவ்வூரில் வாழ்ந்த நம்மவரைப் பற்றிச் சிறிது விரிவாகவே கூறவேண்டும். கூட்டரசு மலாய் நாடுகளின் இரயில்வேக்குத் தலைமை ஏற்ற ஸ்பூனர் என்பவர் முன்னர் இலங்கையில் பணிபுரிந்தவர். யாழ்ப்பாணத்தில் ஆங்கிலம் படித்த இளைஞர்களை அவர் அறிந்திருந்தார். அதனால் எழுத்தர், நிலைய அதிகாரி முதலிய பணிகளுக்கு யாழ்ப்பாணத் தமிழர் திரளாக வந்தனர். தண்டவாளம் பதிப்பது, சரளைக் கல் கொட்டுவது, கட்டை மாற்றுவது, இயந்திரத்தில் நெருப்புத் தள்ளுவது ஆகிய வேலைகளுக்குத் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் நின்றனர். ஒரே மொழி பேசினும் குவார்ட்டர்ஸ் வேறு, சம்பளம் வேறு, சில நேரங்களில் கோவிலும் வேறு. இதை மறைத்து எழுதுவது வரலாறாகாது என்பது எம் கருத்து. ஒருவர் மேசையில் அமர்ந்து வண்டி நேரம் குறித்தார்; மற்றவர் வெயிலில் நின்று அவ்வண்டி ஓடும் பாதையைக் காத்தார். இருவரும் இல்லாவிடில் வண்டி ஓடாது.

பாதை காப்பவரின் வேலையைப் பிள்ளைகள் அறிந்துகொள்வது நல்லது. இந்நாட்டுத் தண்டவாளங்கள் இரண்டிற்கும் இடையே உள்ள அகலம் ஒரு மீட்டர். அது சிறிதும் கூடாமலும் குறையாமலும் இருக்க வேண்டும். மரக்கட்டைகளை மழையும் கறையானும் அரிக்கும், ஆணிகள் தளரும், வெள்ளத்தில் சரளை கரையும். ஆகவே நாள்தோறும் சுத்தியலோடு பாதை நெடுகிலும் நடந்து, தட்டிப் பார்த்து, முடுக்கிக்கொண்டே செல்வர். பயணி ஒருவரும் அவர் முகத்தைப் பார்ப்பதில்லை. தோட்டத்தில் விடியுமுன் பால்வாளியோடு நிரை நிரையாக நடந்த நம் பெற்றோர்க்கு அவ்வேலையின் இயல்பு நன்கு விளங்கும்.

பிரிக்பீல்ட்ஸ் மக்கள் தங்களுக்கென்று சிலவற்றை நிறுவிக்கொண்டனர். இலங்கைத் தமிழர் ஸ்காட் சாலைப் பகுதியில் எழுப்பிய கந்தசுவாமி கோவில் யாழ்ப்பாணத்து நல்லூர்க் கோவிலை நினைவூட்டுவது. 1904ஆம் ஆண்டில் விவேகானந்தர் பெயரால் தோன்றிய ஆசிரமத்தின் பழைய கட்டடம் இன்றும் முதன்மைச் சாலையில் நிற்கின்றது. 2016ஆம் ஆண்டில் அது தேசிய மரபுச் சின்னமாக ஏற்கப்பெற்றது. தமிழ்க் கிறித்தவர்களுக்குச் சீயோன் லூத்தரன் தேவாலயம் உண்டு. 1894ஆம் ஆண்டில் சிங்கள பௌத்தர்கள் சங்கம் அமைத்து ஒரு விகாரையைக் கட்டினர். அது அமைந்த சாலைக்கு ஜாலான் பெர்ஹாலா என்று பெயர். 'பெர்ஹாலா' என்னும் மலாய்ச் சொல் வழிபாட்டுச் சிலையைக் குறிப்பது. ஆக, அங்கே ஒரு சாலையின் பெயர் வழிபாட்டால் வந்தது. தம்பிப்பிள்ளை சாலை போன்றவற்றின் பெயர் மனிதரால் வந்தது. பார்வையற்றோர் சங்கத்தின் தலைமையகமும் பிரிக்பீல்ட்ஸிலேயே உள்ளது. வெண்கோல் ஊன்றி நடப்போரை அங்குக் காண்கையில் வழிவிட்டு நிற்க வேண்டும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லி வைக்கின்றோம்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த 'நூறு குவார்ட்டர்ஸ்' பற்றிக் கூறாமல் விட முடியாது. இரயில்வேயிலும் பிற அரசாங்கத் துறைகளிலும் பணிபுரிந்தோர்க்காகக் கட்டப்பெற்ற இரண்டடுக்கு வரிசை வீடுகள் அவை. எண்ணிக்கையே பெயராயிற்று. பார்க்கப் போனால் நம் தோட்டத்து லயங்களின் நகரத்து அண்ணன் என்று சொல்லலாம்; கல்லும் ஓடும் சற்று உயர்ந்தவை, வரிசை முறை ஒன்றுதான். 2010களில் அவை இடிக்கப்பட்டன. அங்குப் பிறந்து வளர்ந்தோர் இன்றும் 'நான் நூறு குவார்ட்டர்ஸ் பிள்ளை' என்று பெருமையோடு கூறுவதைக் கேட்டிருக்கின்றோம். வீடு போய்விட்டது, எண் மட்டும் இருக்கின்றது.

போர்க் காலத்தில் பிரிக்பீல்ட்ஸ் யார்டு அதன் பயனாலேயே துன்புற்றது. 1945ஆம் ஆண்டு மார்ச்சு 10ஆம் நாள் நேச நாட்டு விமானங்கள் அந்த யார்டைக் குறிவைத்துப் போட்ட குண்டுகள் தவறி அருகிலிருந்த சிலாங்கூர் அரும்பொருளகத்தின்மீது விழுந்தன. தேசிய அரும்பொருளகம் 1963இல் அவ்விடத்தில்தான் எழுந்தது. அங்குச் சுற்றுலா செல்லும் நம் மாணவர்கள், காலடியில் உள்ள அந்தச் செய்தியையும் நினைவிற் கொள்க. அதே சப்பானியர் காலத்தில், 1942இலும் 1943இலும், சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் நீளப் பாதை போடுவதற்காக நம் தோட்டங்களிலிருந்து தமிழர்கள் வண்டி வண்டியாக ஏற்றிச் செல்லப்பட்டனர். காட்டிலும் நோயிலும் பசியிலும் பல்லாயிரவர் மாண்டனர். அவர்களுள் பெரும்பாலோர்க்குக் கல்லறையும் இல்லை. பெயர்ப் பட்டியலும் இல்லை. இரயில் பாதையின் வரலாற்றைத் தமிழ்ப் பள்ளியில் படிக்கும்போது இதை விட்டுவிட்டுப் படித்தல் கூடாது.

இனிப் பெயர்களின் போக்கைப் பார்ப்போம். முதல் இரயில் பாதையின் கடற்கரை முனைக்கு ஆளுநர் வெல்டு அவர்களின் பெயர் இடப்பட்டது; இன்று அது கோலா செப்பெத்தாங். கிள்ளான் பாதையின் கடற்கரை முனைக்குச் சுவெட்டன்ஹாமின் பெயர் இடப்பட்டது. 1901ஆம் ஆண்டு செப்டம்பரில் திறக்கப்பெற்ற சில திங்களுக்குள் அத்துறைமுகத்தில் மலேரியாக் காய்ச்சல் கொடிதாய்ப் பரவி, கூலியாட்கள் கொத்துக் கொத்தாக விழுந்தனர். மால்கம் வாட்சன் என்னும் கிள்ளான் மருத்துவர் சதுப்பு நீரை வடியச் செய்து, புதரை வெட்டச் செய்து, கொசுவை ஒழித்து அத்துறைமுகத்தைக் காத்தார். துறைமுகத்திற்கோ அவர் பெயர் இல்லை. 1972ஆம் ஆண்டில் சுவெட்டன்ஹாமின் பெயரும் நீங்கி, அது கிள்ளான் துறைமுகமாயிற்று. ஆட்சியாளர் பெயரால் அமைந்தவை ஆட்சியோடு போயின. மண்ணைக் குறித்த பிரிக்பீல்ட்ஸ் என்னும் பெயர் போகவில்லை.

பக்கத்திலுள்ள பங்சாரின் கதை வேறு. பூங்கே, கிரிசார் என்னும் இரு ஐரோப்பியரின் பெயர்கள் ஒட்டி ஒரு இரப்பர்த் தோட்டத்திற்கு வழங்க, அது புங்சார் எனச் சுருங்கிப் பின்னர் பங்சார் ஆயிற்று என்பர். இன்று பெரும் செல்வர் வாழும் அவ்விடம் ஒரு காலத்தில் தமிழர் பால்மரம் சீவிய தோட்டம் என்றால் எத்தனை பேர் நம்புவர்? சுபாங் ஜெயாவும் சீபீல்டு தோட்டமாக இருந்ததே. நமக்குத் தெற்கே, நாட்டின் ஆட்சித் தலைநகரான புத்ராஜெயா எழுந்த இடத்தில் இருந்தது பிராங் புசார் தோட்டம். முதல் உலகப் போரிலிருந்து திரும்பிய அதிகாரிகள் தொடங்கியதால் 'பெரும்போர்' என்று அதற்குப் பெயர். 1990களில் தோட்டம் மறைந்தது, அங்கு வாழ்ந்த தமிழ்க் குடும்பங்கள் டிங்கில் பக்கம் சென்றன, பெயரும் மறைந்தது.

பிரிக்பீல்ட்ஸ் என்னும் பெயருக்கும் அத்தகைய நெருக்கடி வரவே செய்தது. பழைய யார்டின் பெரும்பகுதியை அகற்றிவிட்டு, 2001ஆம் ஆண்டு ஏப்ரலில் ஒரு பெரிய இரயில் நிலையத்தைத் திறந்தனர். அதற்குக் கே.எல். சென்ட்ரல் என்று பெயர். வானளாவிய கட்டடங்கள் சூழ எழுந்தன. 2010ஆம் ஆண்டு அக்டோபரில் முதன்மைச் சாலையை 'லிட்டில் இந்தியா' என அலங்கரித்து, இந்தியப் பிரதமர் மன்மோகன் சிங் அவர்களும் நம் பிரதமரும் திறந்து வைத்தனர். வண்ண வளைவுகளும் நீரூற்றும் கண்ணுக்கு இனியவைதாம். ஆயினும் 'சிறிய இந்தியா' உலகில் எத்தனையோ ஊர்களில் உண்டு; பிரிக்பீல்ட்ஸ் ஒன்றுதான். நல்ல வேளை, மக்கள் இன்னும் 'பிரிக்பீல்ட்ஸ் போய் வருகின்றேன்' என்றே சொல்கின்றனர்.

அம்முதன்மைச் சாலை முன்னர் பிரிக்பீல்ட்ஸ் சாலை எனப்பட்டது. இன்று அது துன் சம்பந்தன் சாலை. சுங்கை சிப்புட்டில் பிறந்து, மலேசிய இந்தியர் காங்கிரசின் தலைவராகவும் அமைச்சராகவும் விளங்கிய துன் வீ. தி. சம்பந்தன் அவர்களைத் தோட்டத்து மக்கள் மறத்தல் இயலாது. தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டு, உழைத்தவர்கள் வீடு வாசலின்றி நின்றபோது, பத்து வெள்ளி பத்து வெள்ளியாகத் தொழிலாளரிடமே பங்குப் பணம் திரட்டி 1960ஆம் ஆண்டில் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கித் தோட்டங்களை வாங்கச் செய்தவர் அவர். 2003ஆம் ஆண்டு ஆகஸ்டு 31ஆம் நாள் ஒற்றைத் தண்டவாள இரயில் ஓடத் தொடங்கியபோது, அச்சாலையிலுள்ள நிலையத்திற்கும் 'துன் சம்பந்தன்' என்றே பெயரிட்டனர். புக்கிட் கூடாவிற்கு முதல் வண்டி ஓடி 117 ஆண்டுகள் கழித்து, தமிழர் ஒருவரின் பெயரை ஒலிபெருக்கியில் அறிவித்து இரயில் அவ்வூரில் நின்றது.

ஊர்ப் பெயரை ஆராய்வோர் ஒரு செய்தியில் கவனமாக இருத்தல் வேண்டும். ஒலி ஒத்திருப்பதால் பொருளும் ஒக்கும் என்று முடிவு கட்டலாகாது. பத்துமலை என்றால் பத்து மலைகள் என்று எண்ணும் பிள்ளைகள் நம் வகுப்பிலேயே உண்டு. மலாயில் 'பத்து' என்றால் கல். அருகில் ஓடும் பத்து ஆற்றால் வந்த பெயர் அது. மைல்கல்லையும் மலாய்க்காரர் 'பத்து' என்றே வழங்கினர். அதனால்தான் சாலையோர ஊர்கள் பலவற்றிற்கு எண்ணோடு சேர்ந்த 'பத்து' பெயராயிற்று. நம் முன்னோர் தம் பங்கிற்குக் கம்போங்கைக் கம்பம் என்றும் சாலையைச் சடக்கு என்றும் தம் நாவிற்கேற்ப அமைத்துக்கொண்டனர். அகராதியில் இல்லாவிடினும் அவையும் வரலாற்றுச் சான்றுகளே.

இவ்விடுமுறையில் மாணவர்க்கு ஒரு வேலை தருகின்றோம். நான்காம், ஐந்தாம், ஆறாம் ஆண்டு மாணவர்கள் தத்தம் தாத்தா, பாட்டி, அண்டை வீட்டு முதியோர் ஆகியோரிடம் அமர்ந்து, அவர்கள் வாழ்ந்த தோட்டத்தின் பெயர் யாது, கம்பெனி வைத்த பெயர் ஒன்றும் தமிழர் வழங்கிய பெயர் வேறொன்றும் உண்டா என்று கேட்டு எழுதி வருக. லயங்களுக்கும், பெரட்டுக் களத்திற்கும், ஆயாக் கொட்டகைக்கும், ஆற்றுத் துறைக்கும், கோவில் மேட்டிற்கும் என்ன பெயர் சொல்லி அழைத்தனர்? அவ்விடத்தில் இன்று என்ன உள்ளது? வீடமைப்பா, நெடுஞ்சாலையா, எண்ணெய்ப்பனையா? தாத்தா இரயில்வேயில் வேலை செய்திருந்தால் எந்த மைல்கல்லிலிருந்து எந்த மைல்கல்வரை அவர் பாதை பார்த்தார் என்பதையும் கேளுங்கள். அவர்கள் அதை மறந்திருக்கவே மாட்டார்கள்.

பெற்றோர்கள் இதற்குத் துணை நிற்க வேண்டுகின்றோம். எழுதத் தெரியாத முதியவர் சொல்லப் பிள்ளை எழுதலாம். எழுதி வந்தவற்றை ஒரே ஏட்டில் கட்டி நூல்நிலையத்தில் வைப்போம். எழுத்துப் பிழைக்கு மதிப்பெண் குறைக்க மாட்டோம். பெயரை மட்டும் முதியவர் எப்படிச் சொன்னாரோ அப்படியே எழுதி வருக.